‘வெற்றி’ என்று வந்த பிறகும் பழைய பக்கமே வருகிறதே, ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் இணையதளத்தைப் பத்து நாட்களுக்கு முன் வேறொரு சர்வருக்கு மாற்றியிருக்கிறார்கள். கைபேசியில் புதிய பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. விண்டோஸ் ஓடும் உங்கள் வீட்டுக் கணினியில் மட்டும் பழைய பக்கமே வந்து நிற்கிறது. சங்கச் செயலாளர் ‘டிஎன்எஸ் கேஷை அழியுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். (தளத்தின் பெயருக்குரிய எண்ணைக் கேட்டுச் சொல்லும் ஏற்பாடு டிஎன்எஸ்; கேட்ட பதிலை நினைவில் வைத்திருக்கும் இடம் கேஷ்.) அதை அழிப்பது எப்படி, அழித்தால் சேமித்து வைத்த கடவுச்சொற்களும் படங்களும் போய்விடுமா, எத்தனை நாளுக்கு ஒரு முறை அழிக்க வேண்டும் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நடுவே, ஒரு முறை ஏற்கெனவே அழித்துப் பார்த்ததாகவும், வெற்றி என்று திரையில் வந்ததாகவும், பலன் மட்டும் இல்லை என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அழிப்பது எப்படி என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அழித்த பிறகும் பழைய முகவரியை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

பதினாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள், இணையதளங்களுக்குச் சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலை. அதன் பிறகு கல்லூரிகள், கடைகள், சிறு அலுவலகங்கள் ஆகியவற்றின் நெட்வொர்க்கைப் பராமரிக்கிறேன். விண்டோஸும் லினக்ஸும் அன்றாடம் என் கையில் புழங்குபவை. மேக் எப்போதாவதுதான் வரும். உங்கள் கணினியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதால், எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். டிஎன்எஸ் கேஷை அழித்தால் கடவுச்சொல் போகாது, படம் போகாது, புக்மார்க் போகாது, எந்தத் தளத்திலிருந்தும் நீங்கள் வெளியேற்றப்பட மாட்டீர்கள். இது உறுதி. அதில் இருப்பதெல்லாம் ‘இந்தப் பெயருக்கு இந்த எண்’ என்ற குறிப்புகள் மட்டுமே. பிரவுசரில் ‘குக்கீகளையும் கேஷையும் அழி’ என்று இன்னொன்று இருக்கிறது. அதைச் செய்தால்தான் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும். இரண்டிலும் கேஷ் என்ற சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்றால், தேவை வரும்போது மட்டும் போதும். தினமும் கணினியைத் திறந்தவுடன் தானாக அழிக்கும்படி நிரல் எழுதி வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேகம் கூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நடப்பது அதற்கு நேர்மாறு. நினைவில் இருந்ததை மறக்கச் செய்துவிட்டதால் ஒவ்வொரு பெயரையும் ஒரு முறை வெளியே போய்க் கேட்டு வர வேண்டியிருக்கும். அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால், வேகம் கூடியதாக நினைத்துக்கொள்வதிலும் தடையில்லை.

இனி, நினைவு எதற்கு என்பது. இணையத்தில் ஒரு கணினியைக் கண்டுபிடிக்க உதவுவது எண். பெயர் நம் வசதிக்கு. தொடக்கக் காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையம் அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகியபோது அந்த ஏற்பாடு திணறியது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டிஎன்எஸ் அதற்கு மாற்றாக வந்தது. 1987 நவம்பரில் வெளியான அதன் திருத்திய வரையறைதான் இன்றும் அடிப்படை. கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வது அந்த வடிவமைப்பிலேயே இருக்கிறது, பிறகு யாரோ ஒட்டவைத்தது அல்ல. அது இல்லாவிட்டால் உலகத்தில் திறக்கப்படும் ஒவ்வொரு பக்கத்துக்கும் உச்சியில் இருக்கும் 13 பெயர் கொண்ட ரூட் சர்வர்கள்வரை போய்க் கேட்டு இறங்க வேண்டியிருக்கும்.

புது ஊரில் ஒரு வீட்டைத் தேடிப் போகிறீர்கள் என்று வையுங்கள். வண்டி ஓட்டுபவரைக் கேட்கிறீர்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தெருமுனைக் கடைக்காரர். அவருக்கும் தெரியாவிட்டால் தபால்காரர். அவருக்கும் தெரியாவிட்டால்தான் அந்த வீட்டுக்காரரிடமே போவது. யாருக்கு முதலில் நினைவிருக்கிறதோ அவரோடு விசாரணை முடிந்துவிடும். வீட்டுக்காரர் குடி மாறிவிட்டார், கடைக்காரருக்கு அது தெரியாது என்றால், அவர் நல்ல மனதோடுதான் உங்களைத் தவறான தெருவுக்கு அனுப்புவார். உங்கள் வீட்டிலும் இதே வரிசைதான். முதலில் பிரவுசரின் சொந்த நினைவு. அடுத்து விண்டோஸின் நினைவு. பிறகு ரௌட்டர். அதற்கு அப்பால் உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர். கடைசியாக, அந்தத் தளத்துக்கே பொறுப்பான நேம் சர்வர், அதாவது அதன் பெயருக்குரிய எண்ணை அதிகாரத்தோடு சொல்லும் சர்வர். நீங்கள் அழித்தது இதில் இரண்டாவதை மட்டும். திரையில் வந்த ‘வெற்றி’ பொய்யில்லை, ஆனால் அது இரண்டாமவருக்கு மட்டும் உரியது. மற்றவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒவ்வொரு பதிலோடும் அது எத்தனை விநாடிக்குச் செல்லும் என்ற எண்ணும் சேர்ந்தே வரும். எங்கள் தொழிலில் அதை டிடிஎல் என்போம். 300 என்றால் ஐந்து நிமிடம், 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். அந்த நேரம் முடிந்ததும் குறிப்பு தானே செத்துவிடும், மறுபடி கேட்டாக வேண்டும். விண்டோஸ் தன்னளவில், எவ்வளவு நீண்ட டிடிஎல் வந்தாலும் இயல்பு அமைப்பில் ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. சர்வர் மாற்றியவர்கள் ‘48 மணி நேரம் பொறுங்கள்’ என்று வழக்கமாகச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதற்கும் ஒரு வேர் உண்டு. டாட் காம் முகவரிகளுக்குப் பொறுப்பான சர்வர்கள், ஒரு தளத்தின் நேம் சர்வர் எது என்று சொல்லும் பதிலுக்கு 172800 விநாடி ஆயுள் தருகின்றன. அது சரியாக இரண்டு நாள். நேம் சர்வரையே மாற்றும்போது இந்த இரண்டு நாள் பொருந்தும். நேம் சர்வரை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றினால் அந்தத் தளத்தின் டிடிஎல்தான் கணக்கு. ஆனால் எங்கள் நிறுவனத்தில் எல்லாவற்றுக்கும் 48 மணி நேரம் என்றே சொல்லச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் ஆறு ஆண்டுகள் சொன்னேன். வாடிக்கையாளர் இரண்டு நாள் கூப்பிட மாட்டார் என்பது அதில் கூடுதல் வசதி.

இப்போது உங்கள் பத்து நாளுக்கு வாருங்கள். விண்டோஸ் நினைவின் ஆயுள் ஒரு நாளைத் தாண்டாது. நேம் சர்வர் மாறியிருந்தாலும் இரண்டு நாளில் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் நீங்கள் ஒரு முறை கையாலும் அழித்திருக்கிறீர்கள். ஆகவே உங்கள் கணினியின் டிஎன்எஸ் கேஷ் குற்றவாளி அல்ல என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்வேன். செயலாளர் சொன்ன மருந்து தவறான மருந்தல்ல. மாற்றிய அன்று மாலையிலேயே சொல்லியிருந்தால் பலித்திருக்கும்.

யாரிடம் பழைய எண் இருக்கிறது என்பதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். கட்டளைகளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் என்ற சாளரத்தைத் திறந்து, ‘பிங்’ (ping) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயரை அடியுங்கள். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் வரும். அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே நேரம் கடந்துவிட்டது என்று நான்கு வரி வந்தாலும் கவலை வேண்டாம். பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது எண் மட்டுமே. அடுத்து ‘என்எஸ்லுக்அப்’ (nslookup) என்று சேர்த்து அடித்து, இடைவெளி விட்டு, அதே பெயர். மூன்றாவதாக, அதே வரியின் இறுதியில் இன்னோர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்று சேர்த்து அடியுங்கள். அது 2009 முதல் கூகுள் பொதுமக்களுக்குத் தரும் டிஎன்எஸ் சர்வர்.

இந்த மூன்றும் ஒரே கேள்விதான். கேட்கப்படும் ஆள்தான் வேறு. பிங், விண்டோஸின் நினைவைக் கேட்கிறது. என்எஸ்லுக்அப் அந்த நினைவைத் தாண்டிக்கொண்டு நேரே ரௌட்டரையோ சேவை நிறுவனத்தையோ கேட்கிறது. மூன்றாவது, அவர்களையும் தாண்டி வெளியே போய்க் கேட்கிறது. பிங்கில் மட்டும் பழைய எண் வந்தால் கோளாறு உங்கள் கணினிக்குள். பிங்கிலும் இரண்டாவதிலும் பழையது, மூன்றாவதில் மட்டும் புதியது என்றால் ரௌட்டரிலோ சேவை நிறுவனத்திலோ. மூன்றிலும் புதிய எண்ணே வந்து, பக்கம் மட்டும் பழையதாக இருந்தால், டிஎன்எஸ்ஸுக்கும் உங்கள் துன்பத்துக்கும் தொடர்பே இல்லை, பிரவுசரைப் பாருங்கள். என்எஸ்லுக்அப் பதிலில் ‘அதிகாரபூர்வமற்ற பதில்’ என்ற பொருளில் ஒரு வரி வரும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. பதில் தளத்தின் சொந்த நேம் சர்வரிடமிருந்து வரவில்லை, இடையில் ஒருவர் நினைவிலிருந்து சொன்னார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

இந்தச் சோதனைக்கு இரண்டு குறைகள் உண்டு. பெரிய தளங்கள் உலகம் முழுவதும் சர்வர் வைத்து, கேட்பவரின் இடத்தைப் பார்த்து வெவ்வேறு எண் தருகின்றன. அங்கே எண்கள் வேறுபடுவதே இயல்பு. சங்கத்தின் தளம் போன்ற சிறியவற்றுக்குத்தான் இது நம்பகமானது. இன்னொன்று, சில சேவை நிறுவனங்கள் யாருக்கு அனுப்பிய டிஎன்எஸ் கேள்வியாக இருந்தாலும் வழியில் மறித்துத் தாங்களே பதில் சொல்வதுண்டு. அப்போது மூன்றாவது சோதனை உங்களை ஏமாற்றும். கைபேசியை வைத்து இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். கைபேசியில் புதிய பக்கம் வருகிறது என்றீர்கள். அது வீட்டு வைஃபையிலா, சிம் கார்டின் டேட்டாவிலா என்று சொல்லவில்லை. வைஃபையிலேயே புதியது வந்தால் ரௌட்டரும் சேவை நிறுவனமும் பெரும்பாலும் நிரபராதிகள், சிக்கல் கணினிக்குள். டேட்டாவில் மட்டும் வந்தால் சந்தேகம் ரௌட்டர் பக்கம் திரும்புகிறது.

கணினிக்குள் என்றால் நான் முதலில் பார்ப்பது ஹோஸ்ட்ஸ் என்ற சிறு கோப்பை. ஸ்டான்ஃபோர்ட் காலத்துக் கோப்பின் பேரன் என்று அதைச் சொல்லலாம். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற அடைவில், புள்ளியும் பின்னொட்டும் இல்லாத வெறும் பெயரோடு கிடக்கும். அதில் ஒரு பெயருக்கு ஓர் எண் எழுதிவிட்டால் விண்டோஸ் வேறு யாரையும் கேட்காது. டிடிஎல் இல்லை, காலாவதி இல்லை, எத்தனை முறை கேஷை அழித்தாலும் அசையாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு துணிக்கடையின் தளத்தைப் புது சர்வருக்கு மாற்றும் முன், ஒத்திகை பார்ப்பதற்காக என் மடிக்கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினேன். வேலை முடிந்தது, வரியை மறந்தேன். மூன்று மாதம் கழித்து அவர்கள் வேறு இடத்துக்கு மாறியபோது எல்லோருக்கும் திறந்த தளம் எனக்கு மட்டும் திறக்கவில்லை. ஒரு மாலை முழுவதும் ரௌட்டரைத் திட்டி, சேவை நிறுவனத்தைத் திட்டி, கடைசியில் என் கையெழுத்தையே அந்தக் கோப்பில் பார்த்தேன். உங்கள் சங்கத் தளத்தை உருவாக்கிய இளைஞரோ, உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ அந்தக் கணினியில் அமர்ந்து வேலை பார்த்ததுண்டா? உண்டென்றால் இதுவே என் முதல் சந்தேகம். நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து அந்தக் கோப்பைப் பாருங்கள். தளத்தின் பெயர் கொண்ட வரி இருந்தால் அதை மட்டும் நீக்கிச் சேமியுங்கள். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

பிரவுசர் தனிக் கதை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் டிஎன்எஸ் பதில்களைத் தாங்களும் தனியே வைத்துக்கொள்கின்றன, ஆனால் அது சிறிது நேரத்துக்குத்தான். ஃபயர்ஃபாக்ஸில் இயல்பாக ஒரு நிமிடம். அவற்றைக் காலி செய்யத் தனிப் பக்கங்களும் பொத்தான்களும் இருக்கின்றன. பிரவுசரை முழுவதுமாக மூடித் திறந்தாலே போதும் என்பதால் நான் அவற்றைத் தேடிப் போவதில்லை. மூடுவது என்றால் எல்லாச் சாளரங்களையும். பின்னணியில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் பழைய சர்வரோடு ஏற்கெனவே போட்ட இணைப்பை அது விடாமல் வைத்திருக்கும். எண் மாறியது அந்த இணைப்புக்குத் தெரியவே தெரியாது. அதைவிடப் பிடிவாதமானது பக்கத்தின் கேஷ். படம், எழுத்து, வடிவம் எல்லாவற்றையும் பிரவுசர் வட்டில் சேமித்துவைத்து, தளத்தைத் தொடாமலே காட்டிவிடும். பழைய தளம் ‘இந்த முகவரி நிரந்தரமாக அங்கே மாறிவிட்டது’ என்று ஒரு முறை சொல்லியிருந்தால் அதையும் வெகுநாள் நம்பிக்கொண்டிருக்கும். மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே புதிய பக்கம் வந்தால் வழக்கு முடிந்தது. பிரவுசர் அமைப்புகளில் அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் நீக்குங்கள். எல்லாவற்றையும் நீக்கினால் வீட்டில் மற்றவர்களின் லாகின்களும் போய், அவர்கள் உங்களைக் கேள்வி கேட்பார்கள்.

பிரவுசரில் இன்னொரு நுணுக்கம் இப்போது சேர்ந்திருக்கிறது. ‘பாதுகாப்பான டிஎன்எஸ்’ என்ற அமைப்பு. டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கி, வலைப்பக்கம் போகும் அதே வழியில் அனுப்பும் முறைக்கு 2018இல் தரநிலை வந்தது. அது இயங்கினால் பிரவுசர் விண்டோஸையும் ரௌட்டரையும் கேட்காமல் தானே ஒரு சர்வரைக் கேட்கும். அப்போது பிங் ஒன்று காட்டும், பிரவுசர் வேறொன்று காட்டும், நீங்கள் தலையைச் சொறிவீர்கள். சோதிக்கும் சில நிமிடங்களுக்கு அதை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

விண்டோஸின் நினைவை அழிக்கும் கட்டளையையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் உதவும். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு இட்டு, அதை ஒட்டியே ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ (flushdns). அனுமதி போதாது என்று வந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து அடியுங்கள். அழிப்பதற்கு முன் ஒரு முறை சாய்கோட்டுக்குப் பின் ‘டிஸ்ப்ளேடிஎன்எஸ்’ (displaydns) என்று அடித்துப் பாருங்கள். நினைவில் இருப்பவை எல்லாம் வரும், ஒவ்வொன்றுக்கும் மீதமுள்ள விநாடிகளோடு. சற்றுப் பொறுத்து மறுபடி அடித்தால் அந்த எண்கள் குறைந்திருப்பதைக் காணலாம். காலாவதி என்பது கண்முன் நடப்பதைப் பார்த்த பிறகு பலருக்கு இந்த விஷயம் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. அழித்த மறுநொடியே பட்டியல் மீண்டும் நிரம்பத் தொடங்கினால் பதற வேண்டாம். பின்னணியில் ஓடும் செயலிகள் தங்கள் பெயர்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டளை எதுவும் வேண்டாம் என்றால் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘ஷட் டவுன்’ கொடுத்துத் திறப்பதை நான் நம்புவதில்லை. விண்டோஸ் 8 முதல் வந்த விரைவுத் தொடக்க வசதி, மூடும்போது அமைப்பின் ஒரு பகுதியை உறக்கத்தில் வைத்துவிடுகிறது.

மேக் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். அங்கே கட்டளை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. 2014இல் வந்த யோசெமிட்டியில் இந்த வேலையைச் செய்யும் உள்நிரலையே மாற்றிப் பார்த்தார்கள். பிரச்சினைகள் கிளம்பியதால் 2015இல் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பழைய குறிப்புகளைப் பார்த்து அடிப்பதைவிட மேக்கையும் ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள் என்பதே என் யோசனை. லினக்ஸில் உபுண்டு போன்றவற்றில் ‘ரிசால்வ்சிடிஎல்’ என்று அடித்து, இடைவெளி விட்டு, ‘ஃப்ளஷ்’, சிறுகோடு, ‘கேஷஸ்’ (resolvectl flush-caches). சில லினக்ஸ் அமைப்புகளில் இப்படி ஒரு நினைவே இருக்காது, அழிக்கவும் ஒன்றும் இல்லை.

ரௌட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் விட்டு, மறுபடி கொடுங்கள். அதன் நினைவு போய்விடும். வீட்டு ரௌட்டர்கள் பலவற்றில் இந்த வேலையைச் செய்யும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல் இயல்பாக 150 பெயர்களைத்தான் வைத்துக்கொள்ளும். நான்கு பேர் உள்ள வீட்டில் அது சீக்கிரமே நிரம்பிப் பழையவை தாமாகவே விழுந்துவிடும். ஆகவே பத்து நாள் பழைய எண் ரௌட்டரில் தங்கியிருப்பது அரிது.

சேவை நிறுவனத்தின் சர்வரில் தங்குவது அப்படி அல்ல. இது நான் தொழிலில் சில முறையாவது நேரில் கண்டது. தளத்தை மாற்றியவர்கள் நேம் சர்வரையும் மாற்றியிருப்பார்கள், ஆனால் பழைய இடத்தில் இருந்த கணக்கை மூடாமல் விட்டிருப்பார்கள். பழைய நேம் சர்வர் ‘இந்தத் தளத்துக்கு நான்தான் பொறுப்பு’ என்று பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். சில டிஎன்எஸ் சர்வர்கள் மேலே போய்ப் புதிதாக விசாரிக்காமல், தமக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய நேம் சர்வரிடமே திரும்பத் திரும்பக் கேட்டு அதே பதிலைப் புதுப்பித்துக்கொள்ளும். டிடிஎல் முடியும், மறுபடி பழையதே வரும். வீட்டிலிருந்து நீங்கள் என்ன அழித்தாலும் இது தீராது. பழைய பக்கம் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் முழுசாக வருகிறது என்று நீங்கள் சொல்வதால், பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று நினைக்கிறேன். பிரவுசரே வட்டிலிருந்து எடுத்துக் காட்டினாலும் அப்படித்தான் வரும் என்பதால் இதை ஊகமாகவே வையுங்கள். ஆனால் இரண்டாவது சோதனையில் பழைய எண்ணும் மூன்றாவதில் புதிய எண்ணும் வந்தால் ஊகம் வலுப்படும். உங்கள் அளவில் அதற்கு மாற்று, கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் சர்வராக 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்று போடுவது.

டிஎன்எஸ் கேஷை அழிப்பது உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, வீட்டிலிருந்தே அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் விபிஎன்னில் இருந்து வெளியே வந்த பிறகு, உள்ளே மட்டும் செல்லும் எண்களைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு தடுமாறும்போது. இன்னொன்று பலருக்குத் தெரியாதது. ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்ற பதிலும் நினைவில் நிற்கும். 1998இல் அதற்கென்றே விதி வகுத்தார்கள். பெயர் இல்லை என்பதை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று தளத்தின் நேம் சர்வரே சொல்லும். தொலைபேசியில் பதில் சொன்ன காலத்தில், புது முகவரி வாங்கிய கையோடு நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தவர்கள்தான் மற்றவர்களைவிட நெடுநேரம் காத்திருந்தார்கள். சர்வர் தயாராகும் முன்பே கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலை வழியெல்லாம் சேமித்து வைத்துவிட்டிருப்பார்கள்.

கைகொடுக்காத இடத்துக்கு எடுத்துக்காட்டு 2021 அக்டோபர் 4. அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றன. அந்த நிறுவனத்தின் நேம் சர்வர்களுக்குப் போகும் வழியே இணையத்தின் வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. அன்று இரவு எனக்கு வந்த அழைப்புகளில் பாதிப் பேர் கேஷை அழித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவரே காணாமல் போனபின் கடைக்காரரின் நினைவைத் துடைத்து என்ன ஆகப்போகிறது?

உங்கள் விஷயத்தில் என் கணிப்பை வரிசைப்படுத்தினால், முதலில் பிரவுசரின் பக்கக் கேஷ், அடுத்து ஹோஸ்ட்ஸ் கோப்பு, மூன்றாவது மூடப்படாத பழைய நேம் சர்வர். மறைநிலைச் சாளரத்தில் ஆரம்பியுங்கள், அதற்குக் கட்டளை எதுவும் அடிக்க வேண்டியதில்லை. அங்கும் பழைய பக்கமே வந்தால் பிங்கும் இரண்டு என்எஸ்லுக்அப்பும் காட்டும் எண்களை எழுதி வையுங்கள். கைபேசி வைஃபையில் இருந்ததா, டேட்டாவில் இருந்ததா என்பதையும் சேர்த்து இங்கே சொன்னால், எந்தக் கதவைத் தட்டுவது என்று பார்த்துவிடலாம். மூடப்படாத பழைய நேம் சர்வர்தான் காரணம் என்று தெரிந்தால் நீங்கள் கணினியை விட்டுவிட்டுச் செயலாளரைப் பிடியுங்கள். பழைய நிறுவனத்தில் சங்கத்தின் கணக்கு இன்னும் இருக்கிறதா, அதில் டிஎன்எஸ் பதிவுகள் நீக்கப்பட்டனவா என்று அவர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.